ப்ராஜக்ட் ரிப்போர்ட்டும் சித்தப்பாவின் டிசைன் அட்டையும்

ரொம்ப நாளாச்சு மக்களே பதிவு போட்டு. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன வாரம் ஊருக்கு, அதாவது பெரிய காஞ்சிபுரத்துக்குப் போனப்ப கிடைச்ச மேட்டர் இது.

சித்தப்பா பையன் பி.இ. கடைசி வருஷம். ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப் முன்னாடி தலையில கை வச்சு உட்கார்ந்திருக்கான். "அண்ணா, மார்ஜின் சரியில்லைன்னு ரிப்போர்ட்டை ரெண்டாவது தடவை திருப்பிட்டாங்க. இடது பக்கம் சரி பண்ணினா படமெல்லாம் அடுத்த பக்கத்துக்கு ஓடுது." பிரிண்ட், பைண்டிங் எல்லாம் தண்டம். சித்தப்பா தறியில உட்கார்ந்து சம்பாதிச்ச காசு.

"உள்ள என்ன எழுதியிருக்கன்னு படிச்சாங்களாடா?"

"இல்லண்ணா, ஸ்கேல் வச்சு அளந்தாங்க."

விதியே வேணாம்னு சொல்லல. அண்ணா பல்கலை விதிப்படி இடது ஓரம் 35 முதல் 40 மி.மீ., வலது 20 முதல் 25. பைண்டிங் பண்றது இடது பக்கம், அதனால அங்க கூடுதல். முன்பக்கங்களுக்குச் சின்ன ரோமன் எண். எல்லாம் நியாயம்தான். ஆனா மில்லிமீட்டர் கணக்கா எழுதி வச்ச விதியை ஒவ்வொரு பையனும் ஏன் கையால செய்யணும்? அது கம்ப்யூட்டர் வேலை இல்லையா?

டொனால்ட் நூத், தன் புத்தகத்தோட அச்சுப்படி பார்க்கச் சகிக்காம டெக் எழுத ஆரம்பிச்சது 1977ல. அதுமேல லெஸ்லி லாம்போர்ட் லேடெக் கட்டினது 1980கள்ல. "இது அத்தியாயத் தலைப்பு"ன்னு நாம சொன்னா போதும். எவ்வளவு பெருசு, எங்க வரணும்ங்கிறது வார்ப்புருவோட கவலை. பொருளடக்கம், பக்க எண் எல்லாம் தானா வரும். நம்ம வலைப்பூ மாதிரிதான். டெம்ப்ளேட் மாத்தினா பழைய பதிவையெல்லாம் திரும்ப டைப் பண்றோமா என்ன? சென்னை ஐஐடி பசங்க கிட்ட ஆய்வேட்டுக்கு இப்படி ஒரு லேடெக் வார்ப்புரு பல வருஷமா புழங்குது. பி.டெக்.கா பிஎச்.டி.யான்னு ஒரு வார்த்தை மாத்தினா போதும்.

"ரெடிமேடா கொடுத்தா பசங்க சோம்பேறி ஆயிடுவாங்க"ன்னு சிலர் சொல்வாங்க. மறுநாள் சித்தப்பாகிட்ட இதைச் சொன்னேன். தறிக்கு மேல இருந்த ஜக்கார்டு பெட்டியைக் காட்டினார். "டிசைன் அட்டையில இருக்கு. ஓட்டை இருந்தா பாவு தூக்கும், இல்லன்னா தூக்காது. அதுக்காக புடவை தானா நெஞ்சுக்குமா? என் கண்ணு பட்டு மேல இருக்கலாம், அவ்வளவுதான்."

இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல!

லேடெக் கஷ்டம்தான், முதல் எர்ரர் பார்த்தா அழுகை வரும். வேர்டுலதான் திருத்துவேன்னு கைடு சொன்னா, வேர்டுலயே ஸ்டைல் போட்ட பைல் கொடுங்க. எதுல இருந்தாலும் சரி, டிபார்ட்மெண்ட் ஒரே ஒரு தடவை செஞ்சு, சரிபார்த்து, விதியோட சேர்த்துக் கொடுக்கணும். அப்புறம் ஸ்கேலைக் கீழே வச்சுட்டு ரெண்டாம் அத்தியாயத்தைப் படிக்கலாம்.

தம்பிக்கு ஒண்ணு செஞ்சு கொடுத்திருக்கேன். அடுத்த வருஷ பசங்களுக்கும் கொடுடான்னு சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிப் பொருளடக்கம் செஞ்ச கோஷ்டிதான் நானும். நீங்க எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க :)