ஊர்வலம் முடிஞ்சு போச்சு, பொடியன் எங்க போறது?

'போதையற்ற ஊர்' என்று எழுதின பதாகையைப் பிடித்துக்கொண்டு பிரதான வீதியால் நடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். காலை எட்டரைக்குத் தொடங்கி பத்தரைக்கு முடிந்தது. முன்னுக்கு அதிகாரிகள், நடுவில் வெள்ளை உடுப்புப் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள், பின்னுக்கு நாங்கள். கோஷம் சொல்லிக்கொடுத்தவருக்குத் தொண்டை கட்டிப் போச்சு. முடிவில் ஆளுக்கொரு குளிர்பானம், ஒரு குழுப்படம், இரவு பேஸ்புக்கில் மாஷா அல்லாஹ்கள். ஐஸ் பாவிக்கிற ஒரு பொடியனும் அந்தக் கூட்டத்துக்குள் வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தால் அவனைப் பார்த்துத்தான் கத்தியிருப்போம்.

அன்றைக்குப் பின்னேரம் சாகாமம் பக்கம் போனோம். அக்கரைப்பற்றிலிருந்து சாகாமம் வீதியால் போனால் வீடுகள் குறைந்து வயல் தொடங்கும், அதுக்கங்கால குளம். குளக்கட்டில் காற்று நல்லா வீசும். காலுக்குக் கீழ் பார்த்தால் குளிசை கழற்றின வெறும் அட்டைகள். அதில் சிலது பிரெகபலின், நரம்பு வலிக்காரருக்கு டொக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்து. பதினெட்டு வயதுப் பொடியனுக்கு என்ன நரம்பு வலி என்று விற்றவர் கேட்கவில்லை போல. சோனக ஊரில் விசாரித்தால் தமிழ் ஊரிலிருந்துதான் இதெல்லாம் வருதாம். தமிழ் ஊரில் விசாரித்தால் சோனக ஊரிலிருந்து வருதாம். கட்டில் குந்தியிருந்த பொடியன்மாருக்கு அந்தப் பிரச்சினை இருக்கவில்லை. இரண்டு பக்கத்துப் பொடியன்மாரும் ஒரே லைட்டரைத்தான் மாறி மாறி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுத வைத்தது ஊர்வலமுமில்லை, குளக்கட்டுமில்லை. ஊர்வலத்தில் எங்களைக் கண்ட ஒரு உம்மா இரண்டு நாள் கழித்து வீடு தேடி வந்தா. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினா. "மனே, நீங்க போதைக்கு எதிராப் போறீங்களே, இவன எங்க கொண்டுபோய்க் காட்டுற? பொலிசுக்குச் சொன்னா ஊரே பாக்கும். சொல்லாட்டி என்னையே அடிக்கான்." எங்களிடம் பதில் இருக்கவில்லை. பதாகை இருந்தது, துண்டுப்பிரசுரம் இருந்தது, 'போதை உயிரைக் குடிக்கும்' என்கிற போஸ்டர் இருந்தது. ஒரு முகவரி இருக்கவில்லை.

அந்த உம்மாவின் மகனை ஊருக்கு ஏற்கெனவே தெரியும். தண்ணி மோட்டரொன்றைத் திருடினான் என்று பிடித்து, கையைக் கட்டி, லைட் கம்பத்தடியில் இருத்தி அடித்தார்கள். வீடியோ வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றியது. எங்களில் ஒருவரும் அதை ஷேர் பண்ணியிருந்தார், கீழே சிரிக்கிற ஈமோஜியோடு. ஊர்வலத்தில் வன்முறைக்கு எதிராகவும் ஒரு பதாகை இருந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். அடித்தவர்கள் போதையில் இருக்கவில்லை. நல்ல தெளிவோடுதான் அடித்தார்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 'கடுமையான தண்டனை வேண்டும்' என்று மேடைக்கு மேடை கேட்கிறார்களே, அவர்கள் கேட்கிறது ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று 1984இலேயே சட்டம் வந்துவிட்டது. 2022 நவம்பரில் அதே சட்டத்தைத் திருத்தி, ஐந்து கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தாலும் அதே தண்டனை என்று சேர்த்தார்கள். இந்த நாட்டில் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1976இல். நாற்பது வருசமாகத் தூக்குக் கயிற்றைக் காட்டிக் காட்டி ஹெரோயினை நிறுத்த முடியாத சட்டம், ஐஸை மட்டும் நிறுத்தும் என்று எப்படி நம்பச் சொல்லுறீங்க?

பிறகு 'யுக்திய' வந்தது. 2023 டிசம்பர் 17இல் தொடங்கிய அந்த நடவடிக்கையில், ஒரு மாதம் முடிவதற்குள் 29,000க்கு மேற்பட்டோர் கைதானதாகக் கணக்கு வந்தது. வீடு புகுந்து தேடினார்கள், நாய்களைக் கொண்டுவந்தார்கள், டீவிக் கமராவையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் நிறுத்தச் சொன்னார்கள். அமைச்சர் டிரான் அலஸ் நிறுத்த மாட்டேன் என்றார். அதை முன்னின்று நடத்திய தேசபந்து தென்னகோனைப் பொலிஸ் மாஅதிபர் பதவியிலிருந்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே தூக்கியது. அந்த அமைச்சரும் இல்லை, அந்த மாஅதிபரும் இல்லை, ஐஸ் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 30இல் 'முழு நாடுமே ஒன்றாக' என்று புது அரசாங்கம் இன்னொன்றைத் தொடங்கியிருக்கிறது. பெரிய கடத்தல்காரர்களைப் பிடிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை, பிடிக்கட்டும். அந்த உம்மாவின் கேள்விக்கு அதில் என்ன பதில் என்றுதான் தேடுகிறோம்.

எங்கள் ஊர்களில் பொலிஸ் வீட்டுக்கு வருவது என்றால் என்னவென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் குண்டு வெடித்ததற்குப் பிறகு வந்த மாதங்களில் தேடுதல் நடக்காத தெரு எது? அலுமாரிக்குள் இருக்கும் அரபு எழுத்துப் புத்தகத்தைக்கூடப் பயந்து ஒளித்த காலம் அது. அந்தப் பயம் போகவில்லை. தமிழ் ஊர்களில் அந்தப் பயத்துக்கு எங்களைவிட வயசு கூட. அப்படியான ஊரில், 'பிள்ளை போதைக்கு அடிமையானால் பொலிசுக்கு அறிவியுங்கள்' என்று துண்டுப்பிரசுரம் அடிப்பது யாருடைய புத்தி? (அதில் ஒன்றை அச்சுப் பார்த்தது நாங்கள்தான். எழுத்துப் பிழை மட்டும் திருத்தினோம்.)

சரி, சிகிச்சைக்குப் போகலாம் என்றால் எங்கே போவது? தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நீண்ட காலமாக நடத்திவந்த தங்கிச் சிகிச்சை நிலையங்கள் நான்கு: தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ. நான்கில் ஒன்றும் கிழக்கில் இல்லை, நான்கும் தமிழ் பேசாத சூழல். மனசு விட்டுப் பேசுகிறதுதான் அங்கே வைத்தியம் என்றால் எங்கள் பொடியன் எந்தப் பாஷையில் பேசுவான்? எங்களுக்குக் கிட்ட இருப்பது மட்டக்களப்பு-பொலன்னறுவை வீதியில் வெலிக்கந்தைப் பக்கத்துக் கந்தக்காடு. அது புனர்வாழ்வு நிலையம், இராணுவத்தின் கையில் இருந்தது. 2022 ஜூன் கடைசியில் அங்கே ஒருவர் செத்தார். நூற்றுக்கணக்கானவர்கள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். மரணம் தொடர்பில் கைதானவர்கள் படையினர். அடுத்த வருசம் ஜனவரியில் புனர்வாழ்வுப் பணியகச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். ஆதரவாக 23 வாக்கு, எதிராக 6. மொத்தம் 225 பேர் உள்ள சபை. மிச்சப் பேர் எங்கே போனார்கள் என்று எங்கள் பகுதி எம்பிமாரிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை. அவர்கள் ஊர்வலங்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள்.

ஐஸ் என்ன செய்கிறது என்று கொஞ்சம் விளங்கிக்கொண்டால் இந்த ஆத்திரம் பாதி குறையும். அது தூக்கத்தைத் தின்னும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தூங்காத மூளைக்கு, யாரோ பின்னால் வருகிறார்கள், உம்மாவே பொலிசுக்குச் சொல்லிவிட்டா என்று தோன்றத் தொடங்கும். காதில் குரல் கேட்கும். வீட்டுக்குள் நடக்கிற அடிதடியில் ஒரு பகுதி இப்படி வருகிறது. மிச்சம் கடனால் வருகிறது. கொடுத்தவன் காசு கேட்பான், இவன் உம்மாவின் காப்பைக் கேட்பான். ஹெரோயினுக்கு மெதடோன் மாதிரி மாற்று மருந்து உண்டு. ஐஸுக்கு அப்படி நிரூபணமான மாற்று இன்னும் கிடையாது. பலன் தருவதாகத் தெரிந்தவை பேச்சு வழிச் சிகிச்சையும், பாவிக்காத ஒவ்வொரு கிழமைக்கும் சோதித்துப் பார்த்துச் சின்னப் பரிசு கொடுக்கும் முறையும்தான். மாதக்கணக்கில், விழுந்து எழும்பி, திரும்பத் திரும்ப வரவேண்டிய வைத்தியம் அது. ஊருக்குக் கிட்ட இல்லாவிட்டால் அது நடக்காது. லைட் கம்பத்தடியில் அதற்கு எதிரானதுதான் நடக்கும். அவமானப்பட்டவன் இரவு எங்கே போவான் என்று குளக்கட்டுக்குத் தெரியும்.

'மார்க்கம் தெரியாததால் கெட்டுப்போறாங்க' என்று சொல்லும் பெரியவர்களுக்கு மரியாதையோடு ஒன்று: குளக்கட்டில் எங்களுக்குத் தெரிந்த ஒருவன் ஹாபிழாக ஓதியவன். மார்க்கம் தெரியும். மஃரிபுக்குப் பிறகு என்ன செய்கிறதென்றுதான் தெரியவில்லை. உ/த எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற மாதங்களில், கட்டாருக்கு விசா வரும்வரைக்கும் இருக்கிற மாதங்களில், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு இந்த ஊர் அவனுக்குக் கொடுப்பது என்ன? மைதானம் இருந்தால் லைட் இல்லை. வாசிகசாலை நேரத்தோடு பூட்டும். மிச்சம் கடற்கரையும் போனும்.

ஐஸ்லாந்தில் ஒரு காலத்தில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் ஐரோப்பாவில் அதிகம் குடிக்கிறவர்களில் அடங்கினார்கள். 1998இல் கேட்டபோது, கடந்த ஒரு மாதத்தில் வெறிக்கக் குடித்தோம் என்றவர்கள் 42 வீதம். 2016இல் 5 வீதம். பாடசாலைக்குப் பின்னான நேரத்தை விளையாட்டாலும் பாட்டாலும் நிரப்பினார்கள். அதற்கு அரசாங்கம் காசு கொடுத்தது. பெற்றோரைக் கூட்டிப் பேசினார்கள், ஒவ்வொரு வருசமும் பிள்ளைகளிடமே கேட்டு எண்ணினார்கள். நாங்கள் ஐஸ்லாந்து இல்லை, தெரியும். பணக்கார நாடு, எங்கள் சனத்தொகையில் துண்டு. அவர்கள் எண்ணினார்கள் என்பதை மட்டுமாவது எடுக்கலாம். எங்கள் ஊரில் எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று பள்ளி நிருவாகத்திடம் கேட்டோம், 'நிறையப் பேர்' என்றார்கள். பிரதேச செயலகத்தில் கேட்டோம், 'கூடிட்டு வருது' என்றார்கள். இதை வைத்து எந்தத் திட்டத்தைப் போடுகிறது?

கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. வெளிநோயாளர் பக்கத்தில் கிழமைக்கு ஒரு பின்னேரம், பேர் வெளியே போகாத, பொலிஸ் வாசலில் நிற்காத, தமிழில் நடக்கிற ஒரு போதைச் சிகிச்சை கிளினிக் அந்த இரண்டு ஊருக்கும் வேண்டும். எம்பிமார் அடுத்த ஊர்வலத்தில் பேசுவதற்குப் பதில் சுகாதார அமைச்சில் போய் இதைக் கேட்கட்டும். பள்ளிவாசல்கள் ஒரு ஜும்ஆவிலாவது 'கட்டி வைத்து அடிப்பது ஹராம், வீடியோ எடுப்பதும் ஹராம்' என்று சொல்லட்டும். துண்டு இல்லாமல் குளிசை விற்கிற பார்மசிக்காரரை ஊருக்கு நல்லாத் தெரியும். அவர் முன் வரிசையில் தொழுகிறார் என்பதற்காக யாரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் பக்கத்துக்கு, அந்த வீடியோவை ஷேர் பண்ணினவர் உம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். மகன் வெளியே வரவில்லை. இப்போது மனநல கிளினிக் நாளில் அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போறது அவர்தான். நாலு தரம் போனார்கள். ஐந்தாம் தரம் போனை ஓஃப் பண்ணிவிட்டு எங்கேயோ போயிட்டான். உம்மா எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டா. வாற கிழமை ஏழரைக்குத் திரும்பவும் வாசலில் ஹோர்ன் அடிக்கப் போகிறோம்.