கூலிக் கோரிக்கையும் நம் கோரிக்கைதான்



வரதராஜன்பேட்டையில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம். முந்திரிக் கொட்டைக்குக் கட்டுப்படியான விலை, அரசே நேரடியாகக் கொள்முதல் என்ற கோரிக்கைகளோடு, விவசாயத் தொழிலாளிக்கு நியாயமான கூலி என்பதையும் மனுவில் சேர்த்திருந்தோம். ஒரு பெரியவர் எழுந்தார். "கூலியை ஏத்தச் சொல்லி நாமளே மனு குடுத்தா, நாளைக்கு அதை நம்மகிட்டதானே கேப்பாங்க? கொட்டை பொறுக்க ஆள் கூப்பிடுறது நாமதானே?" என்றார். கைதட்டல் விழுந்தது. நியாயமான கேள்விதான். அன்றைக்கு முழுசாகப் பதில் சொல்ல நேரமில்லை. அதனால்தான் இந்தத் தலையங்கம்.

ரஷ்யாவில் புரட்சி ஏன் வந்தது என்று கேட்டால், பசியால் வந்தது என்று மேடையில் நாமெல்லாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பசி மட்டும் போதுமென்றால் 1891லேயே வந்திருக்கணும். அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். ஜார் மன்னன் ஆட்சி அசையவில்லை. கடன் மட்டும் போதுமா? 1861இல் பண்ணை அடிமைகளுக்கு விடுதலை என்று சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்கே 49 வருடத் தவணை கட்டணும் என்றார்கள். மேய்ச்சல் தரையையும் விறகுக் காட்டையும் பல இடங்களில் பிரபுக்கள் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். அப்போதும் பொறுத்துத்தான் கிடந்தார்கள்.

1905 ஜனவரியில் தலைநகரத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு மனு எடுத்துக்கொண்டு மன்னன் அரண்மனைக்குப் போனார்கள். மன்னனின் சிப்பாய்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். அந்த வருடமே கிராமங்களில் பிரபுக்களின் மாளிகைகள் எரிந்தன. ஆனால் ராணுவம் பெரும்பாலும் மன்னன் பக்கமே நின்றது. அந்த சிப்பாய் யார்? பச்சை விவசாயி மகன். தகப்பன் ஊரில் கொதிக்கிறான், மகன் அடுத்த ஊரில் சுடுகிறான். கிளர்ச்சி அடங்கிப்போனது.

அதற்குப் பிறகு வந்த பிரதமர் ஸ்டோலிப்பின் பொல்லாத கெட்டிக்காரர். ஒரு கையில் தூக்குக்கயிறு. இன்னொரு கையில் 1906ஆம் வருடச் சட்டம். ஊர்க்கூட்டத்தின் பொதுப் பிடியிலிருந்து நிலத்தைப் பிரித்துத் தனிப் பட்டாவாக வாங்கிக்கொள்ளலாம் என்றது அது. கொஞ்சம் வசதியானவனைப் பிரித்துவிட்டால் மிச்சமிருப்பவன் எழுந்திருக்க மாட்டான் என்பது கணக்கு. நிறையப் பேர் பிரிந்தும் போனார்கள்.

கணக்கைக் கெடுத்தது 1914இல் வந்த உலகப் போர். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1917 மார்ச்சில் பெட்ரோகிராடு நகரத் தெருவில் பெண்கள் ரொட்டி கேட்டு இறங்கினார்கள். சிப்பாய்களைச் சுடச் சொன்னார்கள். ஒரு நாள் சுட்டார்கள். மறுநாள் மாட்டோம் என்று துப்பாக்கியோடு ஜனங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். சில நாளில் முன்னூறு வருட மன்னர் பரம்பரை முடிந்தது. அந்தக் கோடையில் கிராமங்களில் நிலத்தை எடுக்கும்போது, பிரிந்துபோனவர்களையும் பல இடங்களில் ஊர் திரும்ப இழுத்துக்கொண்டது. 1905இல் இல்லாதது 1917இல் இருந்தது இதுதான்: ஆலைத் தொழிலாளியும் சிப்பாயும் உழுகிறவனும் ஒரே பக்கம் நின்றார்கள்.

(அதே நாட்டில் பின்னால் விவசாயிக்கு என்ன ஆனது என்பதையும் மறைக்க மாட்டோம். ஸ்டாலின் காலத்தில் தானியத்தைப் பறித்ததில் 1932-33 பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். இதை எழுதியதற்கு நம் தோழர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.)

ரஷ்யா தூரம் என்றால் கொள்ளிடத்தைத் தாண்டினால் போதும். கீழத்தஞ்சையில் மிராசுதாரர்களும் மடங்களும் வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்தார்கள். பண்ணையாளுக்குச் சவுக்கடி, சாணிப்பால். குத்தகைக்காரனுக்கு விளைச்சலில் கொசுறு. குத்தகைக்காரரில் பலர் சாதி இந்துக்கள், பண்ணையாட்கள் சேரிக்காரர்கள். இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்ததில்லை. கன்னட நாட்டிலிருந்து வந்த பி.சீனிவாசராவ் 1943இல் தென்பரையில் சங்கத்தைத் தொடங்கி, இரண்டு பேரையும் ஒரே கொடியின் கீழ் கொண்டுவந்தார். 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. 1952இல் ராஜாஜி அரசு குத்தகைதாரர், பண்ணையாள் இருவருக்கும் ஒரே சட்டத்தில் பாதுகாப்புக் கொடுத்தது. சாகுபடி செய்தவனுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. கம்யூனிஸ்டுகளைக் கண்டாலே ஆகாத ராஜாஜிதான் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் நடந்ததைத்தான் நாம் யோசிக்கணும். குத்தகைக்காரனுக்கு ஓரளவு பிடிமானம் கிடைத்தது. பண்ணையாளை நீக்கித் தினக்கூலி ஆக்கினார்கள். இவன் வழக்கு வேறு, அவன் வழக்கு வேறு என்று ஆனது. 1960களில் மிராசுதாரர்கள் தங்கள் சங்கத்துக்கு வைத்த பேர் நெல் உற்பத்தியாளர் சங்கம். பேரைப் பாருங்கள்! இரண்டு ஏக்கர்காரனும் நெல் உற்பத்தியாளர்தானே, கூலி கேட்கிறவன்தான் உனக்கு எதிரி என்று சொல்லாமல் சொல்லும் பேர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது கொஞ்சம் நெல் கூடுதல் கூலி. 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுதலை செய்தது.

நம் பக்கத்திலும் பார்த்தோம். ஜெயங்கொண்டம் அனல் மின் திட்டம் என்று 1990களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுத்தார்கள். ஒரு யூனிட் மின்சாரமும் வரவில்லை. கூடுதல் இழப்பீடு கேட்டுப் பட்டாக்காரர்கள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். அந்த மண்ணில் களை பறித்தவளுக்கு அலையக்கூட ஒரு காகிதம் கிடையாது.

பெரியவருக்கு நம் பதில் இதுதான். ஐயா, உங்கள் தோப்பு ஒன்றரை ஏக்கர். சீசன் முடிந்தால் உங்கள் வீட்டுப் பெண்களும் பருப்பு உடைக்கக் கூலிக்குத்தான் போகிறார்கள். கொட்டைக்கு விலை வந்தால்தான் நாம் கூலி கொடுக்க முடியும், அது உண்மை. அதனால்தான் இரண்டையும் ஒரே மனுவில் எழுதினோம். விலை கேட்க நூறு பட்டாக்காரர் போனால் அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மாட்டார். பொறுக்குகிற பெண்களும் கூட வந்தால் வெளியே வருவார்.

ஆண்டிமடம் தாலுகா ஆபீசு முன்பு ஆர்ப்பாட்டம். நாளும் நேரமும் அடுத்த பக்கத்தில் உள்ளன. பெரியவர் வருவதாகச் சொல்லிவிட்டார். "கூலி விஷயத்தை இன்னும் ஒத்துக்கல, அங்க வந்து சண்டை போடுறேன்" என்றிருக்கிறார். வரட்டும். நீங்களும் வாரீர், தோப்பில் வேலை செய்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வாரீர்!