நுழைவுச்சீட்டில் இடம்பெற வேண்டியவை எவை? சட்டம் கூறுவதும் கூறாததும்

சித்தூர் (பாலக்காடு): கேரளத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளில் வாழும் தமிழர்களுக்குப் பாலக்காட்டைப் போலவே கோவையும் எட்டும் தொலைவில் உள்ள நகரமாகும். எல்லை கடந்து சென்று பார்க்கும் திரைப்படத்திலோ இசை நிகழ்ச்சியிலோ சிக்கல் ஏற்பட்டால் யார் மீது, எங்கே புகார் அளிப்பது? இதற்கான விடை, நுழைவுச்சீட்டில் உள்ள விவரங்களைப் பெரிதும் சார்ந்துள்ளது.

திரைப்படத்தைப் பொறுத்தவரை விதி தெளிவாக உள்ளது. மத்திய ஜிஎஸ்டி விதிகளின் 54(4ஏ) பிரிவின்படி, மல்டிபிளெக்ஸ் திரையரங்குகள் மின்னணு நுழைவுச்சீட்டு வழங்குவது கட்டாயம். அச்சீட்டே வரி ரசீதாகக் கருதப்படும். வாங்குபவரின் விவரம் இல்லாவிட்டாலும், வழங்குபவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், வரிசை எண், தேதி, கட்டணம், வரி விகிதம், வரித்தொகை ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒற்றைத் திரையரங்குகள் விரும்பினால் இம்முறையைப் பின்பற்றலாம்.

ஆனால், இவை வரி வசூலுக்கான விதிகளே. நிகழ்ச்சி தொடங்கும் நேரம், இருக்கை, ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்கும் காலம் ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்று அவை கூறவில்லை. ரூ.500 வரையிலான இசை நிகழ்ச்சிக் கட்டணங்களுக்கு ஜிஎஸ்டி விலக்கும் உண்டு.

இந்த இடைவெளி பெங்களூருவில் வழக்காகவே மாறியது. மாலை 4.05 மணிக்கு என்று குறிப்பிடப்பட்ட படம், விளம்பரங்களால் 4.30 மணிக்குத் தொடங்கியதாகப் பார்வையாளர் ஒருவர் புகார் அளித்தார். படம் உண்மையில் தொடங்கும் நேரத்தையே சீட்டில் குறிப்பிட வேண்டும் என்று நுகர்வோர் ஆணையம் 2025 பிப்ரவரியில் பிவிஆர்-ஐநாக்ஸ் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அவ்வுத்தரவுக்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே இடைக்காலத் தடை விதித்தது.

சென்னை பனையூரில் 2023 செப்டம்பர் 10-ஆம் தேதி நடைபெற்ற ஏ.ஆர்.ரஹ்மானின் இசை நிகழ்ச்சியில், சீட்டு வைத்திருந்தும் பலர் உள்ளே செல்ல முடியாமல் திரும்பினர். பாதிக்கப்பட்டோர் சீட்டின் நகலை மின்னஞ்சலில் அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு அச்சீட்டே ஆதாரமாக அமைந்தது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இங்கு ஓரளவு துணை நிற்கிறது. குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை, ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறையாகும். காலம் குறிப்பிடப்படவில்லை எனில் 30 நாள்களே வரம்பு. இணையத் தளங்கள் வழியாக விற்கப்படும்போது, விற்பனையாளரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றை அத்தளங்கள் தெரிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. கூடுதல் கட்டணங்களை இறுதிக் கட்டத்தில் மட்டும் காட்டுவதை 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன.

எல்லைப்பகுதி மக்களுக்கு முக்கியமானது 34-ஆவது பிரிவு. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர அது வழிசெய்கிறது. கோவையிலோ சென்னையிலோ ஏமாற்றப்பட்ட சித்தூர்வாசி, பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம்.

எனினும், அமைப்பாளரின் பெயரும் முகவரியும் இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது என்ற கேள்வி எழும். வரி விவரங்களைக் கட்டாயமாக்கிய அரசு, நேரம், அமைப்பாளர், பணம் திரும்பப் பெறும் முறை ஆகியவற்றையும் கட்டாயமாக்கினால்தான் இவ்வுரிமை முழுமை பெறும். அதுவரை, நிகழ்ச்சி முடிந்த பின்னரும் சீட்டையும் கட்டண ரசீதையும் பத்திரப்படுத்தி வைப்பதே பார்வையாளருக்குப் பாதுகாப்பு.