வீட்டுக்கு வீடு பவர் ஹவுஸா?

மோட்டார் வண்டியைக் கொண்டு வீட்டுக்கு விளக்கேற்றும் புதுமை ஒன்று அமெரிக்காவிலே வந்திருக்கிறது. பெட்ரோல் இல்லாமல் மின்சாரத்தால் ஓடும் டிரக் வண்டி அது. ஊரில் மின்சாரம் நின்றுவிட்டால், வாசலில் நிற்கும் வண்டியின் பாட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் பாயும். விளக்கு எரியும், ஐஸ் பெட்டி ஓடும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றும் யந்திரமும் ஓடும்.

நல்ல காரியம்தானே, இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. புதிய கருவி ஒன்று வரும்போது, அது என்ன செய்கிறது என்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. அது யார் வீட்டுக்குப் போகிறது, எந்தக் குறையை மூடி மறைக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

யந்திரத்தில் குற்றமில்லை

முதலில் யந்திரத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். போர்டு கம்பெனி 2021 மே மாதத்தில் அறிமுகம் செய்து, 2022-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார டிரக்கை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய பாட்டரி 131 யூனிட் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும். வண்டியிலிருந்து ஒரே சமயத்தில் 9.6 கிலோவாட் வரை எடுக்கலாம். ஓர் அமெரிக்கக் குடும்பம் நாளொன்றுக்குச் சுமார் 30 யூனிட் செலவழிக்கிறது. அந்தக் கணக்கில் மூன்று நாள் தாங்கும், சிக்கனமாக இருந்தால் பத்து நாள் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்லிற்று.

இதற்கு வீட்டில் தனிச் சாதனங்கள் பொருத்த வேண்டும். பாட்டரியின் நேர் மின்சாரத்தை வீட்டுக்கு வேண்டிய மாறு மின்சாரமாக மாற்ற இன்வெர்ட்டர் வேண்டும். வெளிக் கம்பியிலிருந்து வீட்டைத் துண்டிக்கும் சுவிட்சும் வேண்டும். அது இல்லாவிட்டால் வீட்டு மின்சாரம் தெருக் கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் குடித்துவிடும். பெட்ரோல் ஜெனரேட்டரின் சத்தமும் விஷப் புகையும் இதில் கிடையாது. விஞ்ஞானிகளும் தொழிலாளிகளும் சாதித்த காரியம் இது. இதை நாம் பழிக்கவில்லை.

டெக்ஸாஸில் நடந்தது என்ன?

ஆனால் இந்த வண்டிக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? உலகத்திலேயே பெரிய பணக்கார நாட்டில், வாசலில் பாட்டரியை நிறுத்திக்கொண்டு மக்கள் இருட்டுக்குப் பயந்து வாழ வேண்டிய நிலைமை எப்படி வந்தது?

2021 பிப்ரவரியில் டெக்ஸாஸ் மாகாணத்தைக் கடுங்குளிர் தாக்கியது. எரிவாயுக் குழாய்களும் மின் நிலையங்களும் உறைந்து நின்றன. 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. மாகாணம் முழுவதும் மின்சாரம் அடியோடு விழுந்துவிட 4 நிமிஷம் 37 விநாடிதான் பாக்கி இருந்தது என்று மின்தொடரை நடத்தும் ஸ்தாபனமே பிற்பாடு ஒப்புக்கொண்டது. மாகாண சர்க்கார் கொடுத்த கணக்குப்படியே 246 பேர் மாண்டார்கள். குளிரில் விறைத்துச் செத்தவர்கள் பலர். சூடு வேண்டி வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியும், கொட்டகைக்குள் காரை ஓடவிட்டும் நச்சுப் புகையில் செத்தவர்களும் உண்டு.

இது இயற்கையின் கோபமா? 2011 பிப்ரவரியிலும் இதே டெக்ஸாஸில் குளிர் வந்தது, மின்சாரம் நின்றது. யந்திரங்களைக் குளிர் தாங்கும்படி செப்பனிடுங்கள் என்று மத்திய சர்க்காரின் விசாரணை அறிக்கை அந்த ஆண்டே எச்சரித்தது. ஆனால் கட்டாயச் சட்டம் வரவில்லை. செலவு செய்தால் லாபம் குறையும். செய்யாவிட்டால் தண்டனை இல்லை. எந்தக் கம்பெனி செய்யும்? 246 உயிர் போன பிறகே, 2021 ஜூனில் சட்டம் வந்தது.

மக்கள் குளிரில் நடுங்கிய அதே நாட்களில், மொத்தச் சந்தையில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை 9 டாலரில் நின்றது. சந்தை விலைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலருக்குப் பில் வந்தது!

அதே மாகாணத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது எல் பாசோ நகரம். அது டெக்ஸாஸின் தனித் தொடரில் இல்லை. மேற்கு மாகாணங்களின் பெரிய தொடரோடு இணைந்திருக்கிறது. 2011-ல் பட்ட அடிக்குப் பின் அங்கே யந்திரங்களைச் செப்பனிட்டிருந்தார்கள். 2021 குளிரில் அந்த நகரம் பெரும்பாலும் வெளிச்சத்தில்தான் இருந்தது. அங்கே மின்சாரம் தருவதும் தனியார் கம்பெனிதான் என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். அண்டை அயலாரோடு கம்பி இணைந்திருந்தது. செய்ய வேண்டிய செலவைச் செய்திருந்தார்கள். உயிரைக் காத்தது அதுதான்.

யார் வீட்டில் விளக்கு?

இப்போது டிரக்குக்குத் திரும்புவோம். ஆரம்ப விலையே ஏறக்குறைய 40,000 டாலர் என்று அறிவித்தார்கள். பெரிய பாட்டரி வேண்டுமானால் அதற்கு மேலும் வெகுதூரம் போக வேண்டும். வீட்டில் பொருத்தும் சாதனத்துக்குச் சுமார் 3,900 டாலர். பொருத்தும் கூலி வேறு. அமெரிக்கக் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்கு வாடகை வீட்டில் இருக்கிறது. மாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் இருக்கும் குடும்பம் எந்த வாசலில் வண்டியை நிறுத்தும்? எந்தச் சுவரில் சுவிட்சைப் பொருத்தும்?

சொந்தப் பணத்தில் வாங்குகிறான், உங்களுக்கு என்ன என்று சிலர் கேட்பார்கள். வாங்குகிறவன் மீது நமக்குப் புகார் இல்லை. பிள்ளை குட்டிகளைக் குளிரிலிருந்து காப்பாற்ற நினைப்பது குற்றமா? ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். பசையுள்ள குடும்பங்கள் எல்லாம் தத்தம் வாசலில் பாட்டரியை நிறுத்திக்கொண்டால், கம்பியைச் சீர்படுத்து என்று நகரசபையிலும் சட்டசபையிலும் உரத்துக் கேட்கக்கூடிய குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கிப் போகும். மிஞ்சுவது ஏழையின் குரல். அதற்கு எவன் செவி சாய்ப்பான்?

இன்னொன்று. டிரக் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை, சேமித்துத்தான் வைக்கிறது. மூன்று நாளில் பாட்டரி காலியானால், கம்பி உயிரோடு இருக்கும் இடத்தைத் தேடித்தான் ஓட வேண்டும். 2024 ஜூலையில் பெரில் புயல் ஹூஸ்டன் நகரைத் தாக்கியபோது 22 லட்சம் இணைப்புகள் அறுந்தன. பலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் மின்சாரம் வரவில்லை. அங்கே மூன்று நாள் கணக்கு என்ன ஆகும்? ஊர்க் குளம் வற்றிப்போனால் வீட்டுக் குடம் எத்தனை நாள் தாங்கும்?

கம்பெனியின் தயவு எத்தனை நாள்?

அந்த டிரக்கின் கதியைப் பாருங்கள். 2025 டிசம்பரில் போர்டு கம்பெனி இந்த முழு மின்சார டிரக்கின் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பெட்ரோல் ஜெனரேட்டரையும் சேர்த்துச் சுமக்கும் வேறு ரகம் அதன் இடத்துக்கு வருமாம். அமெரிக்காவில் மின்தடை ஒழிந்துவிட்டதா? இல்லை. எதிர்பார்த்த லாபம் வரவில்லை, அவ்வளவுதான். வேறு கம்பெனிகளும் இத்தகைய வண்டிகளைக் கொண்டுவந்திருக்கின்றன. அவற்றின் ஆயுளையும் இதே தராசுதான் நிறுக்கும். மக்களின் உயிர்ப் பாதுகாப்பை ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் கட்டிவைக்க முடியுமா?

அமெரிக்க மக்களுக்கு வேறு வழி தெரியாததல்ல. 1930-களின் மத்தியில் அங்கே பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்பதில் மின்சாரம் கிடையாது. கிராமத்துக்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் கையை விரித்தன. 1935-ல் ரூஸ்வெல்ட் சர்க்கார் கிராம மின்சார நிர்வாகத்தை ஏற்படுத்தியது. குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தாங்களே கம்பம் நட்டார்கள். இருபதே ஆண்டுகளில் அநேகமாக எல்லாப் பண்ணைகளிலும் விளக்கெரிந்தது. வீட்டுக்கொரு ஜெனரேட்டர் வாங்கிக்கொள் என்று அன்று சொல்லியிருந்தால் அது நடந்திருக்குமா?

பாட்டரியையும் அப்படிப் பொதுவில் வைக்கலாம். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரப் பள்ளி நிர்வாகத்துக்காக ஓடும் 74 பஸ்கள் 2024-ல் முழுக்க மின்சாரத்துக்கு மாறின. பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சும்மா நிற்கும் நேரத்தில், அந்தப் பஸ்களின் பாட்டரியிலிருந்து ஊர்க் கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. அதே யந்திரம், அதே விஞ்ஞானம். ஆனால் பலன் ஊருக்கு.

எனவே நாம் சொல்லுவது இதுதான். டிரக் வேண்டாம் என்பதல்ல. கம்பிகளைச் செப்பனிடுவதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, முதியோர் குடியிருப்பு ஆகியவற்றில் பொதுச் செலவில் பாட்டரிகள் வைக்க வேண்டும். மின்சார வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், எந்த இடத்துச் சாதனத்தோடும் இணையும்படி ஒரே விதி வேண்டும். அப்போது தனி மனிதனுடைய டிரக்கும் ஆபத்துக் காலத்தில் அண்டை வீட்டுக்கு உதவும். குளிர் யார் வீட்டையும் பார்த்து வருவதில்லை. அதைத் தாங்கும் ஏற்பாடும் எல்லா வீட்டுக்கும் இருக்க வேண்டும்.