அளந்ததை எழுதட்டும் மாணவர்கள்

கொதிக்கும் நீரில் வைத்த வெப்பமானி 98 டிகிரி காட்டுகிறது. ஏழாம் வகுப்பு மாணவி அதைப் பார்க்கிறார்; அருகில் நிற்கும் தோழியும் பார்க்கிறார். இருவருமே ஏட்டில் 100 டிகிரி செல்சியஸ் என்று எழுதுகின்றனர். பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது, மதிப்பெண்ணும் அதற்குத்தான். நடுநிலைப் பள்ளி அறிவியல் கல்வியின் பெருங்குறை எது என்று என்னைக் கேட்டால், கருவிகள் போதாமையைக் கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன். காணாமற்போன அந்த இரண்டு டிகிரியே முதற்குறை.

அந்த இரண்டு டிகிரிக்குள் எத்தனையோ பாடங்கள் அடங்கியிருந்தன. வெப்பமானியே பிழையானதாக இருக்கலாம். உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தால் அது சுழியத்தைக் காட்டுகிறதா என்று தெரிந்துவிடும். கண்ணை நேர்மட்டத்தில் வைக்காமல் பார்த்ததால் நேர்ந்த இடமாறு தோற்றப் பிழையாக இருக்கலாம். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்குள்ள மாணவரும் 100 என்றே எழுதினால், தம் கண்ணைவிட அச்செழுத்தை நம்பப் பழகிவிட்டார் என்பதுதான் பொருள்.

விந்தை என்னவென்றால், தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 6, 7, 8-ஆம் வகுப்பு அறிவியலின் முதற்பாடமே அளவீடு பற்றியதுதான். அலகுகளையும் கருவிகளையும் பிழைகளையும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கின்றனர். அளந்ததை அப்படியே எழுதும் பழக்கம் மட்டும் வருவதில்லை.

நான் அறிவியல் ஆசிரியன் அல்லன். கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். ஆயினும் இதில் எனக்கு அக்கறை உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வயது அட்டவணையைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். 29, 31 வயதினரைவிட 30 வயதினர் மிகுதியாக இருப்பர். 44, 46 வயதினரைவிட 45 வயதினர் மிகுதியாக இருப்பர். இயற்கை அப்படிப் பிள்ளை பெறச் செய்வதில்லை. சொல்பவரும் எழுதுபவரும் சுழியத்தையும் ஐந்தையும் விரும்புவதால் நேரும் திரிபு இது. இதை அளப்பதற்கென்றே மக்கள்தொகையியலில் விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது.

தரவு எடுப்பவரே தரவைத் திருத்தக்கூடும் என்பதை நன்கு உணர்ந்தவர், 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பி.சி. மகலனோபிஸ். ஒரே பகுதியில் தனித்தனி மாதிரிகளை வெவ்வேறு குழுக்களிடம் ஒப்படைத்து, இரு முடிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை அவர் வகுத்தார். வேறுபாடு மிகுந்தால் எங்கோ பிழை என்று பொருள். ஏழாம் வகுப்பில் இரண்டு குழுக்களைத் தனித்தனியே அளக்கச் சொன்னாலே இந்த முறையின் சாரம் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

நான் வசிக்கும் அம்பத்தூரில் 1960-களில் தொடங்கிய தொழிற்பேட்டை இருக்கிறது. அங்குள்ள சிறு பட்டறைகளில் லேத்தில் கடைந்தெடுத்த ஓர் அச்சுத்தண்டை மைக்ரோமீட்டரில் அளக்கும் தொழிலாளி, வரைபடத்தில் இருக்கும் அளவைப் பார்த்து எழுதிவிட முடியாது. எழுதினால் தண்டு பொருந்தாமல் திரும்பி வரும். நட்டம் அன்றைக்கே தெரியும். அதே தொழிலாளியின் மகன் பள்ளியில் வரைபடத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறான். அவனுக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பகுதிப் பள்ளியொன்றின் அறிவியல் கண்காட்சிக்கு அழைத்திருந்தனர். வழக்கம்போல் சமையல் சோடா எரிமலை பொங்கியது. தெர்மகோல் கோள்கள் சுழன்றன. ஓர் ஓரத்தில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு கோப்பைகளில் பச்சைப்பயறு முளைக்க வைத்திருந்தான். ‘வெயில்’ என்று சீட்டு ஒட்டிய கோப்பையில் செடி நெடிதாக, வெளிறி, துவண்டு நின்றது. ‘இருட்டு’ என்ற கோப்பையில் குட்டையாக, கரும்பச்சையாக இருந்தது. “தம்பி, சீட்டு மாறிவிட்டதோ?” என்றேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “இருட்டுல வெச்சதுதான் சார் உயரமா வந்துச்சு. தப்பா வந்துடுச்சுன்னு நான்தான் மாத்தி ஒட்டினேன்” என்றான்.

அவன் கண்டது தப்பே இல்லை. ஒளி கிடைக்காத நாற்று, ஒளியைத் தேடித் தண்டை நீட்டிக்கொண்டே போகும். பச்சையம் உருவாகாமல் வெளிறிப் போகும். வெயில் பட்ட செடிதான் உயரமாக வளரும் என்ற எதிர்பார்ப்பு தவறியதால், உண்மையான கண்டுபிடிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் மீது பொய்ச்சீட்டை ஒட்டிவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு கோப்பையிலும் எத்தனை விதை என்று கேட்டேன். ஒன்றே ஒன்று. ஒரு விதை எப்படியும் வளரலாம், சொத்தையாகவும் இருக்கலாம். இருபது விதைகள் போட்டு, ஒரே மண், ஒரே அளவு நீர் கொடுத்து, ஒளியை மட்டும் மாற்றினால்தான் அதைச் சோதனை என்று சொல்ல முடியும். இதைப் புரிந்துகொள்ள அவனுக்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று.

இப்படிக் கற்பிக்க முடியும் என்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் பின்னர் பல மாவட்டங்களுக்குப் பரவியது. பிள்ளைகளே சோதனை செய்தனர். எல்லாக் குழுக்களின் அளவுகளையும் கரும்பலகையில் எழுதி, ஏன் வேறுபடுகின்றன என்று விவாதித்தனர். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு முடித்துவைத்தது. நம் மாநிலத்தில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. கருத்தாளர்கள் பள்ளிக்கே சென்று சோதனைகளை நடத்துகின்றனர். நல்ல முயற்சி. ஆனால் எத்தனை சோதனை நடந்தது என்பதோடு, எத்தனை மாணவர் தம் கையால் எடுத்த அளவை மாற்றாமல் எழுதினர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குத் தரவின் அருமையைச் சொல்ல வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டர்தான் இருக்கும். ‘அன்று சென்னையில் எவ்வளவு மழை?’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லிவிடாது.

அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முழு உயரம் 24 அடி. நீர்வரத்தே இல்லை என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் நிறைந்த ஏரி எத்தனை மணி நேரத்தில் வற்றும்? ஏறத்தாழ 35 மணி நேரம். எட்டாம் வகுப்புக் கணக்குதான். 12 அடி நீர் இருந்தால் ஏரி பாதி நிறைந்ததாகுமா என்றும் கேட்கலாம். ஆகாது, ஏரி மேலே செல்லச் செல்ல அகலும், ஆகவே பாதியைவிடக் குறைவாகவே இருக்கும். நாளிதழ்களில் வெளியாகும் நீர்மட்டத்தையும் இருப்பையும் ஒரு பருவம் முழுவதும் குறித்து வரைபடம் போட்டால் அது வளைந்து செல்வதைக் காணலாம். எப்போது, எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு திறக்கப்பட்டது என்பதன் மீது எழுந்த சர்ச்சை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2018-இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, ஏரி நீர் மேலாண்மையில் குறை கண்டது. அடையாற்றங்கரை மக்களின் உயிரும் உடைமையும் அந்த எண்களைச் சார்ந்திருந்தன.

ஆகவே, என் யோசனை எளியது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து நடுநிலைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒரு மழைமானி வைக்கலாம். இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டியின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகப் பொருத்தினால் புனல் ஆகிவிடும். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் சுவர் செங்குத்தாகும் உயரம் வரை நீர் ஊற்றி அதைச் சுழியமாகக் கொள்ள வேண்டும். மரத்தடியிலும் சுவரோரத்திலும் வைக்கக் கூடாது. வானிலை ஆய்வு மையம்போலக் காலை 8.30 மணிக்கு அளவெடுக்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் கிடைக்கும் என்று அறியும் பிள்ளை, மழைநீர்ச் சேகரிப்பு விளம்பரத்தை வேறு கண்ணோடு பார்க்கும்.

ஒரு சிக்கல் உண்டு. மிகுதியாக மழை பெய்யும் நாளில்தான் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். அளவெடுக்க ஆள் இல்லாத நாள்களை விட்டுவிட்டுச் சராசரி போட்டால், உண்மையைவிட மழை குறைந்த ஊராக நம் ஊர் தோன்றும். விடுபட்ட தரவு தற்செயலாக விடுபடுவதில்லை என்பது, ஆய்வு மாணவர்களுக்கே நான் பலமுறை சொல்ல வேண்டியிருந்த பாடம். விடுமுறை முடிந்து வந்ததும் புட்டியில் இருப்பதை அளந்து, ‘மூன்று நாள் மொத்தம்’ என்று எழுதலாம். நிரம்பி வழிந்திருந்தால் ‘இதற்கும் மேல்’ என்று எழுதலாம். மழை பெய்யாத நாளுக்கு மட்டுமே சுழியம்; அளக்காத நாளின் கட்டம் வெற்றாகவே இருக்கட்டும். வெற்றுக் கட்டத்துக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று பருவமழை தொடங்கும் முன்பே ஆசிரியர்களுக்கு எழுத்துபூர்வமாகச் சொல்லிவிடுவது நல்லது.