லேப்டாப்புக்கு 55,000 ரூபாய் சரி, உள்ளே இருக்கிற ஃபைலுக்கு எவ்வளவு?



காலேஜ் போற தம்பிக்கோ தங்கச்சிக்கோ லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கீங்களா? வேலைக்குப் போன முதல் ரெண்டு வருஷத்துல நம்மள்ல பல பேர் வீட்டுக்காக செய்யுற பெரிய செலவு இதுதான். ரேம் எவ்வளவு, புராசஸர் எது, நோ காஸ்ட் இஎம்ஐ எந்த கார்டுல வரும், எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா வேணாமான்னு ஒரு வாரம் அலசுவோம். பேக்கப்புக்கு எவ்வளவு ஒதுக்கணும்னு மட்டும் கேட்கவே மாட்டோம்.

நானும் கேட்கல. அதுக்கு எங்க வீட்டுல கொடுத்த விலையை முதல்ல சொல்லிடறேன்.

ஒரு லேப்டாப்பும் ஆறு மாச சம்பளமும்

என் சித்தப்பா பையன் எம்.காம் கடைசி வருஷம் படிச்சுக்கிட்டு இருந்தான். 55,000 ரூபாய் லேப்டாப், 12 மாச இஎம்ஐயில நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஏழாவது தவணை போயிட்டிருந்தப்போ ஒரு நாள் ராத்திரி போன் பண்ணான். "அண்ணா, லேப்டாப் ஆன் ஆகுது, ஆனா விண்டோஸ் வர மாட்டேங்குது."

சர்வீஸ் சென்டர்ல பார்த்துட்டு எஸ்எஸ்டி போயிடுச்சுன்னாங்க. டேட்டா ரெக்கவரி செய்யுற ஒரு கடையில கேட்டோம். 22,000 ரூபாய் ஆகும், ஆனா ஃபைல் கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது, பிரிச்சா வாரண்டியும் போயிடும்னாங்க. விட்டுட்டோம். வாரண்டியில புது எஸ்எஸ்டி இலவசமா மாத்திக் கொடுத்தாங்க. மெஷினுக்கு ஒரு ரூபாய் செலவில்ல.

ஆனா 140 பேர்கிட்ட வாங்கின சர்வே பதிலை டைப் பண்ணி வெச்சிருந்த எக்செல் ஷீட் போச்சு. எழுதி முடிச்ச நாலு அத்தியாயமும் போச்சு. டைப் பண்ணி முடிச்சாச்சேன்னு சர்வே படிவங்களை ஹாஸ்டல்ல பழைய பேப்பரோட எடைக்குப் போட்டிருந்தான். வைவாவுக்கு மூணு வாரம்தான் இருந்தது. முடியல. அடுத்த செமஸ்டர்லதான் புராஜெக்ட் கொடுத்தான்.

ஜூலையில சேர வேண்டிய வேலை ஒண்ணு கையில இருந்தது, மாசம் 20,000 ரூபாய். அந்த கம்பெனி காத்திருக்கல. ஆறு மாசம் கழிச்சுத்தான் வேற வேலை கிடைச்சது. கணக்குப் போட்டா 1,20,000 ரூபாய். லேப்டாப் விலையை விட ரெண்டு மடங்குக்கு மேல.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரல. ஏன்னா லேப்டாப் வாங்குன அன்னிக்கே அதே கடையில, "அண்ணா, ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிக்கலாமா?"ன்னு கேட்டான். "அப்புறம் பார்த்துக்கலாம்டா"ன்னு சொன்னது நான்தான்.

வாரண்டி மெஷினுக்கு, ஃபைலுக்கு இல்ல

லேப்டாப் வாரண்டியோ, ஆக்சிடென்டல் டேமேஜ் பிளானோ, காப்பாத்துறது உடம்பை மட்டும்தான். உள்ளே இருக்கிற டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு சர்வீஸுக்குக் கொடுக்கும்போதே கையெழுத்து வாங்கிடுவாங்க. எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு சில ஆயிரம் கொடுக்கத் தயங்காத நாம, மறுபடி வாங்கவே முடியாத ஒண்ணுக்கு பூஜ்யம் ஒதுக்குறோம்.

டேர்ம் இன்ஷூரன்ஸ் பத்தி நம்ம சேனல்ல எத்தனை தடவை பேசியிருப்போம்? பேக்கப்பும் அதே ஜாதிதான். லாபம் தராது. ஒண்ணும் ஆகாம இருந்தா வீண் செலவு மாதிரியே தெரியும். ஆகும்போது அது மட்டும்தான் கை கொடுக்கும்.

பேக்கப்னு நாம நம்பிக்கிட்டு இருக்கிற நாலு விஷயம்

*பென்டிரைவ்:* ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுக்க ஃபைலைத் தூக்கிட்டுப் போற பை அது. எந்த கம்ப்யூட்டர்ல எந்த வைரஸ் ஒட்டும்னு சொல்ல முடியாது. பாதி நேரம் அந்தக் கடையிலயே மறந்து வெச்சுட்டு வருவோம்.

*காலேஜ் மெயில் ஐடி:* நிறைய மாணவர்கள் எல்லாத்தையும் இதுலதான் போட்டு வைக்கிறாங்க. ஒரு காலத்துல கல்வி நிறுவனங்களுக்கு கூகுள் அளவில்லாம இடம் கொடுத்தது. 2021-ல அதை மாத்தி, ஒரு நிறுவனம் முழுசுக்கும் சேர்த்து 100 டிபின்னு அறிவிச்சது. அதோட அந்த ஐடி காலேஜோட சொத்து. படிப்பு முடிஞ்சதும் எப்போ வேணா மூடலாம்.

*வாட்ஸ்அப்:* நமக்கே நாம அனுப்பி வெச்ச ஃபைல் நம்ம போன்லதான் உட்கார்ந்திருக்கும். போன் போனா அதுவும் போச்சு.

*சிங்க் மட்டும்:* இங்கேதான் விவரமானவங்களும் ஏமாறுறாங்க. லேப்டாப்ல ஒரு ஃபோல்டரை தப்பா அழிச்சா, சிங்க் ஆகிற கிளவுட்லயும் அது அழியும். கூகுள் டிரைவ் டிராஷ்ல 30 நாள் இருக்கும், அதுக்கப்புறம் போயிடும். செமஸ்டர் லீவுல அழிச்சதை காலேஜ் திறந்த பிறகுதானே தேடுவோம்?

என் சிபாரிசு: ஒண்ணு தானா நடக்கணும், ஒண்ணு தனியா இருக்கணும்

பீட்டர் க்ரோக்ங்கிற போட்டோகிராபர் பிரபலமாக்கின 3-2-1 விதி ஒண்ணு உண்டு. மொத்தம் 3 காப்பி, 2 வகை சாதனத்துல, அதுல 1 வேற இடத்துல. பெரிய கம்பெனிகள் இதை லட்சக்கணக்குல செலவு பண்ணி செய்யும். ஒரு மாணவருக்கு இது ரொம்ப எளிசு.

முதல் காப்பி லேப்டாப். படிப்பு சம்பந்தப்பட்ட எல்லாம் ஒரே ஃபோல்டர்ல இருக்கணும். டெஸ்க்டாப்ல பாதி, டவுன்லோட்ஸ்ல பாதின்னு கிடந்தா எந்த பேக்கப்பும் உதவாது.

ரெண்டாவது காப்பி கிளவுட். சொந்த ஜிமெயில்ல 15 ஜிபி இலவசம். மெயில், போட்டோஸ், டிரைவ் மூணுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. போட்டோ எல்லாத்தையும் இதுல கொட்டாதீங்க, படிப்புக்குன்னே தனியா ஒரு அக்கவுண்ட் வெச்சுக்கலாம். ஒரு பிடிஎஃப் 5 எம்பின்னு வெச்சா 15 ஜிபில சுமார் 3,000 ஃபைல் அடங்கும். காசு கொடுத்து இடம் வாங்குறதை, நிறைஞ்ச பிறகு யோசிச்சா போதும். டிரைவ் ஆப்பை லேப்டாப்ல போட்டு அந்த ஒரு ஃபோல்டரை ஒரு தடவை சேர்த்துட்டா, அப்புறம் தானா ஏறிக்கிட்டே இருக்கும். எஸ்ஐபி ஏன் ஜெயிக்குது? நம்ம ஞாபகத்தை நம்பாததாலதான். இதுவும் அப்படித்தான்.

மூணாவது காப்பி 1 டிபி ஹார்ட் டிஸ்க். மாசம் ஒரு நாள் சொருகி, அந்த ஃபோல்டரை அன்னிக்குத் தேதி போட்டு காப்பி பண்ணிட்டு உடனே கழட்டிடணும். சொருகியே விடக்கூடாது. 2017 மே மாசம் வான்னாக்ரை உலகம் முழுக்க பரவினப்போ, கம்ப்யூட்டர்ல இணைச்சிருந்த டிஸ்க்ல இருந்த ஃபைல்களையும் சேர்த்துத்தான் பூட்டுச்சு. கழட்டி வெச்ச டிஸ்க்கை எந்த வைரஸும் தொட முடியாது.

அந்த டிஸ்க்கை லேப்டாப் பையிலயே வைக்காதீங்க. பை திருடு போனா ரெண்டும் சேர்ந்து போகும். 2015 டிசம்பர்ல சென்னையில வெள்ளம் வந்தப்போ, 2023-ல மிக்ஜாம் புயலப்போ, தரைத்தளத்துல இருந்த பீரோவுக்குள்ள எல்லாம் தண்ணி போச்சு. ஹாஸ்டல்ல படிச்சா டிஸ்க் ஊர்ல இருக்கட்டும். மாசம் ஒரு தடவை ஊருக்கு வரும்போது காப்பி பண்ணிக்கலாம்.

ஒரு தடவையாவது திரும்ப எடுத்துப் பாருங்க

1998-ல பிக்ஸார் ஸ்டுடியோவுல 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்துக்கிட்டு இருந்தப்போ, தப்பா போட்ட ஒரு கமாண்ட்ல படத்தோட பெரும்பகுதி அழிஞ்சது. பேக்கப் இருக்கேன்னு போய்ப் பார்த்தா அது சரியா வேலை செய்யல. கேலின் சஸ்மன்ங்கிற டெக்னிக்கல் டைரக்டர், கைக்குழந்தை இருந்ததால வீட்டுல இருந்து வேலை பார்த்தாங்க. அவங்க வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்த காப்பிதான் படத்தை மீட்டுச்சு.

அவ்வளவு பெரிய ஸ்டுடியோவுக்கே அந்த கதி. அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவை, டிஸ்க்ல இருந்து ஒரு ஃபைல், கிளவுட்ல இருந்து ஒரு ஃபைல் வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. பத்து நிமிஷம் ஆகாது.

செலவு எவ்வளவு?

ஹார்ட் டிஸ்க் 5,000 ரூபாய்னு வெச்சுக்கலாம், அஞ்சு வருஷம் வரும்னா வருஷத்துக்கு 1,000. இலவச கிளவுட் போதும்னா மாசத்துக்கு 85 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. 15 ஜிபி பத்தாம 100 ஜிபி பிளானுக்கு வருஷம் 1,300 ரூபாய் கொடுத்தா கூட, மொத்தம் மாசத்துக்கு 200 ரூபாய் தாண்டாது. ஒரு ஓடிடி சந்தாவோட விலை.

"கிளவுட் மட்டும் போதாதா?"ன்னு கேட்பீங்க. பாஸ்வேர்டு மறந்து, ரெக்கவரி போன் நம்பரும் மாறிப்போனா அந்தக் கதவு திறக்காது. "ஹார்ட் டிஸ்க் மட்டும் போதாதா?" மாசக் கடைசியில லேப்டாப் போனா முப்பது நாள் வேலை போயிடும். அதனாலதான் ரெண்டும் வேணும்னு சொல்றேன். "போர்ட்டபிள் எஸ்எஸ்டி வாங்கலாமா?" மேஜை டிராயர்ல தூங்கப்போற சாதனத்துக்கு வேகம் எதுக்கு? சாதா ஹார்ட் டிஸ்க்கே போதும். மிச்சக் காசை எமர்ஜென்சி ஃபண்டுல போடுங்க.

கடைசியா, உங்களுக்கும்தான்

உங்க ஃபார்ம் 16, சம்பள சிலிப், ஆஃபர் லெட்டர் எல்லாம் இப்போ எங்கே இருக்கு? ஆபீஸ் லேப்டாப்லயும் ஆபீஸ் மெயில்லயும் மட்டும்னா, ரிசைன் பண்ற அன்னிக்கு ரெண்டையும் மூடிடுவாங்க. வீட்டுக் கடனுக்கு பேங்க்ல பழைய சிலிப் கேட்கும்போதுதான் பழைய கம்பெனி எச்ஆருக்கு மெயில் மேல மெயில் போடுவோம். தம்பிக்கு செட் பண்ணும்போதே உங்களுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டுடுங்க. ஆதார், பான் காப்பி இருக்கிற அக்கவுண்ட்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் கட்டாயம்.

மார்ச் 31 நிதியாண்டு முடியுற நாள்னு நமக்கெல்லாம் தெரியும். அதே நாள்தான் உலக பேக்கப் தினமும். ஆனா அதுவரைக்கும் காத்திருக்காதீங்க. அடுத்த சம்பளம் வந்ததும், இஎம்ஐக்கு அடுத்த வரியில ஹார்ட் டிஸ்க்னு எழுதுங்க. இன்னிக்கு ராத்திரி தம்பிக்கோ தங்கச்சிக்கோ ஒரு போன் போட்டு, "உன் புராஜெக்ட் எத்தனை இடத்துல இருக்கு?"ன்னு மட்டும் கேளுங்க.

"லேப்டாப்ல இருக்கு"ன்னு பதில் வந்தா, தயவுசெஞ்சு நான் சொன்ன மாதிரி "அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொல்லிடாதீங்க.