மனச்சோர்வுக்குத் தயிர் மருந்தாகுமா?

“வயிறு சரியா இருந்தா மனசும் சரியாயிடும். தினம் ஒரு கப் தயிர் சாப்பிடு. மாத்திரையெல்லாம் எதுக்கு?” மனச்சோர்வால் அவதிப்படுகிறவருக்கு இப்படி யோசனை சொல்ல வீட்டுக்கு வீடு ஒருவர் இருக்கிறார். ஏன், நீங்களே சொல்லியிருக்கலாம். இதில் பாதி சரி, பாதி ஆபத்து!

சரியான பாதி எது? நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் சாப்பிடும் நார்ச்சத்துதான் அவற்றுக்குத் தீனி. அதிலிருந்து அவை உண்டாக்கும் சில அமிலங்கள் குடலின் உட்சுவரைக் காக்கின்றன. குடலுக்கும் மூளைக்கும் நடுவே ‘வேகஸ்’ என்ற நரம்பு, டெலிபோன் லைன் மாதிரி சேதி கொண்டுபோகிறது. 2019-ல் பெல்ஜியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடம் இரண்டு வகை பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன. பாக்டீரியா குறைந்ததால் சோர்வா, சோர்ந்துபோய் சரியாகச் சாப்பிடாததால் பாக்டீரியா குறைந்ததா? அதற்கு அந்த ஆய்வில் பதில் இல்லை.

சரி, சாப்பாட்டை மாற்றினால் குணம் தெரியுமா? 2017-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் காய்கறி, பழம், பருப்பு, முழுதானியம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று உணவு மாற்றம். மற்ற குழுவுக்குப் பேச்சுத்துணை. 12 வாரம் கழித்து, உணவை மாற்றியவர்களில் 32 சதவிகிதம் பேருக்கு நோய் நன்றாகத் தணிந்திருந்தது. மற்றவர்களில் 8 சதவிகிதம்தான்.

சின்ன ஆய்வுதான். ஆனாலும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அதில் கலந்துகொண்ட பெரும்பாலோர் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள். அதாவது, சிகிச்சையோடு சாப்பாடு. சிகிச்சைக்குப் பதிலாக அல்ல! அடுத்து, “நல்லா சாப்பிடு” என்று சொல்லிவிட்டு யாரும் போய்விடவில்லை. உணவு நிபுணர் ஏழு முறை கூடவே உட்கார்ந்து வழிகாட்டினார்.

நாம் கோட்டை விடுவது இங்கேதான். மனம் சோர்ந்தவருக்கு எழுந்து பல் தேய்ப்பதே பெரும்பாடு. அவர் எங்கே கீரை ஆய்வார், சுண்டல் ஊறப்போடுவார்? அதிலும் அவர் வீட்டுக்கே சமைத்துப் போடும் அம்மாவாக இருந்தால், கடைசியில் மீந்ததைத்தானே சாப்பிடுகிறார்? அவருக்கு வேண்டியது அறிவுரை அல்ல, ஆள் உதவி. நீங்கள் சமையலறைக்குள் போங்கள். கீரை, பயறு, கேழ்வரகு, காய்கறி போட்ட சாம்பார், தயிர்... இதற்கெல்லாம் தனிச் செலவு கிடையாது. வீட்டில் எல்லோரும் அதையே சாப்பிடுங்கள். அவருக்கு மட்டும் ‘பத்தியம்’ வேண்டாம்.

மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். “வாழவே பிடிக்கலை” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னாலும் தயிரை நம்பிக் காத்திருக்காதீர்கள். அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416, இரவானாலும் பேசலாம். தனியே விடாமல், உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.